நாலு பேர் விற்ற ஒரே கார்

துப்பறியும் சிவசங்கரன் யோசிக்க ஆரம்பித்தால் மேலப்பாளையத்தில் கடிகாரங்களெல்லாம் பைய ஓடும் என்று ஒரு பேச்சு உண்டு. அவருடைய உதவியாளர் சுகிர்தாவுக்கு அதில் நம்பிக்கை கிடையாது. அவர் யோசித்தபோது அவள் கைக்கடிகாரம் இரண்டு தடவை நின்றே போயிருக்கிறது.

1996, மே மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு உமர் பாரூக் வீட்டு முன் ஹாலில் அந்தக் கடிகாரம் மூன்றாவது தடவை நிற்கப் பார்த்துக்கொண்டிருந்தது.

"ரெண்டே நாளுதான் இருக்கு அண்ணாச்சி," என்றான் பாரூக். "நாளான்னைக்கு வியாழக்கிழமை ஆதிலுக்கு பிளேன். ஞாயித்துக்கிழமை நிக்காஹ். பந்தலுக்குச் சொல்லியாச்சு, ஆட்டுக்குச் சொல்லியாச்சு. மாப்பிள்ள மட்டும் சார்ஜாவுல பாஸ்போட் இல்லாம உக்காந்திருக்கான்."

"பாஸ்போட் எங்க?"

"வாடகைக் கார்க் கடைக்காரன் மேசையில."

கதை இதுதான். பாரூக்கின் தம்பி ஆதில் ரெண்டு மாசத்துக்கு முன்னால் சார்ஜாவில் ஒரு கடையில் ரெண்டு நாளைக்குக் கார் எடுத்தான். அடகாகப் பாஸ்போர்ட்டைக் கொடுத்தான். திருப்பி விடப் போனபோது, கடைக்காரன் காரைச் சுற்றி ஒரு நடை நடந்து, இடது பக்கப் பின் கதவில் ஓர் ஒடுக்கைக் காட்டினான். பிரியாணி தட்டு அளவு ஒடுக்கு. அன்றிலிருந்து பாஸ்போர்ட் அங்கேதான்; ஆதில் வீட்டுக்குச் சொன்னது நேற்றுத்தான்.

"காருக்கு இன்சூரன்ஸ் கிடையாதா?" என்று சுகிர்தா கேட்டாள்.

"உண்டு பிள்ள. ஆனா அங்க எக்ஸஸுன்னு ஒண்ணு வச்சிருக்கான். அடிபட்டா முதல் ஆயிரத்தைந்நூறு திர்ஹம் வண்டி எடுத்தவன் தலையில. அதுக்கு மேல போனாத்தான் இன்சூரன்ஸ்காரன் வருவான். தினம் பதினஞ்சு திர்ஹம் கூடுதலாக் கட்டியிருந்தா அந்த எக்ஸஸும் கிடையாது. இவன் வேண்டாம்னு கையெழுத்துப் போட்டுட்டான். ரெண்டு நாளுல என்ன வந்துரப் போவுதுன்னு நெனச்சிருக்கான்."

"குடுத்துத் தொலைக்க வேண்டியதுதான?"

"கையில இருந்ததெல்லாம் பொண்ணுக்கு நகையாப் போட்டுட்டான். இங்கேருந்து அனுப்புனா வியாழக்கிழமைக்குள்ள போய்ச் சேராது. அது கெடக்கட்டும். செய்யாத தப்புக்கு எதுக்குங்கேன்?" பாரூக்கின் குரல் லேசாக உடைந்தது. தம்பிக்கு வந்த கஷ்டத்துக்கு உடைய வேண்டிய அளவைவிட ஒரு பிடி கூடுதலாகவே உடைந்தது என்று சுகிர்தாவுக்குத் தோன்றியது.

சிவசங்கரன் தாலுகா ஆபீசில் இருபத்தெட்டு வருஷம் குமாஸ்தாவாக இருந்தவர். களக்காட்டில் காணாமல் போன யானையை அதன் தும்மலை வைத்தே கண்டுபிடித்தார் என்பார்கள். அது யானை அல்ல, வெள்ளாடு என்று சொல்லும் பொறாமைக்காரர்களும் உண்டு. அவர் கடைக்காரன் அனுப்பிய ஃபேக்ஸை மூக்குக்கு நாலு விரல் தள்ளிப் பிடித்தார்.

"ஒடுக்கு எடுக்க எவ்வளவு போட்டிருக்கான்?"

"ஆயிரத்தைந்நூறு."

"எக்ஸஸ் எவ்வளவு?"

"ஆயிரத்தைந்நூறு."

"படிச்ச ஒடுக்கு," என்றார் சிவசங்கரன். "நானூறும் ஆகல, அறுநூறும் ஆகல. பாலிசியப் பூரா வாசிச்சுட்டு அந்த அளவுக்கு மட்டும் பள்ளம் விழுந்திருக்கு. சுகிர்தா, வண்டி நம்பரைப் பாரு."

"அம்பத்தோராயிரத்து எழுநூத்தி எண்பத்தாறு." படித்த பிறகுதான் அவளுக்குப் பட்டது. "கடைசி மூணு நம்பர் ஏழு, எட்டு, ஆறு. பிஸ்மில்லா நம்பர்."

"இந்த ஊர்க்காரன் அந்தக் கடைக்குள்ள போனா எந்த வண்டியக் கேப்பான்?"

பாரூக் தரையைப் பார்த்தான். "வேற வண்டியில சாய மாட்டான்."

சாய்வது என்றால் என்ன என்று கேட்க அந்த ஊரில் ஆள் கிடையாது. வளைகுடாவில் இருக்கும் பிள்ளை ஒரு காரில் சாய்ந்து நின்று படம் பிடித்து அனுப்புவான். படம் சட்டத்துக்குள் போய், சட்டம் டி.வி. மேல் ஏறும். பெண் வீட்டார் வந்து பார்ப்பார்கள். கார் யாருடையது என்று அவர்களும் கேட்க மாட்டார்கள், இவர்களும் கேட்கும்படி வைத்துக்கொள்ள மாட்டார்கள். ஆதில் கார் எடுத்ததும் அந்தப் படத்துக்குத்தான். அதில் சாய்ந்த கோலத்தைப் பார்த்துத்தான் ஹம்னா என்ற பெண் சரி என்று சொல்லியிருந்தாள்.

"அப்ப வேலை சுலபம்," என்றார் சிவசங்கரன். "இதே வண்டியில முன்னாடி சாஞ்சவன் படம் இந்த ஊர்ல எங்கேயாவது தொங்கும். அந்தப் பழைய படத்துல இந்த ஒடுக்கு இருந்துட்டா ஆதிலுக்குப் பாஸ்போட் வந்துரும்."

"மூணு வீடு இருக்கு," என்று பாரூக் உடனே சொன்னான். "எஸ்.டி.டி. பூத் வச்சிருக்க ஷேக் மைதீன். பச்சைக் கதவு வீட்டு மைதீன் பாத்திமா மவன். கொத்பா பள்ளித் தெரு டெய்லர்."

ஒரு மூச்சில் சொன்னான். மூன்று வருஷமாக மனப்பாடம் செய்தவன் மாதிரிச் சொன்னான்.

எழுந்திருக்கும்போது சுகிர்தா அந்த வீட்டு டி.வி.யைப் பார்த்தாள். அதன் மேலும் ஒரு சட்டம். வெள்ளைக் காரின் பானெட்டில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு இளைத்த பாரூக் நின்றான். நம்பர் இருக்கும் இடத்தைப் பூச்சாடி ஒன்று பிளாஸ்டிக் ரோஜாக்களோடு மறைத்தது. அந்தக் காரில் ஏதோ குறைந்தது. என்ன என்றுதான் பிடிபடவில்லை.

"இது உங்க காரா?"

"எனக்கே சொந்தம். வித்துட்டுத்தான் ஊருக்கு வந்தேன்," என்றான் பாரூக், உள்கட்டுத் திரைச்சீலைக்குக் கேட்கும்படியாக.

சுகிர்தாவின் டி.வி.எஸ். ஐம்பதில் பின்னால் உட்கார்ந்து, சிவசங்கரன் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டார். எதிர்க்காற்றில் அந்தக் குடையால் வண்டி சில சமயம் பின்னோக்கிப் போனதும் உண்டு.

ஆம்பளை நுழைய முடியாத உள் ஹால்களில் சுகிர்தா நுழைந்தாள். பழைய படத்துக்கு லேமினேஷன் போட்டுத் தருகிறோம், ஒன்றுக்கு ஒன்று இலவசம் என்றாள். இலவசம் என்றதும் சட்டங்கள் தாமாகவே ஆணியை விட்டு இறங்கி வந்தன.

"எம் மவன் கார்தான்," என்றாள் மைதீன் பாத்திமா, முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தபடி. "அவனுக்குன்னு அந்த நாட்டுல செஞ்சு குடுத்தாவ. நம்பரைப் பாத்தியா?"

"பாத்தேன்மா. இப்ப கார் எங்க?"

"வித்துட்டான்."

டெய்லர் வீட்டிலும் அதே கார். அங்கும் விற்றிருந்தார்கள். பூத்துக்குப் பின்னால் ஷேக் மைதீன் வீட்டில் அதே கார் கலர் கூட மங்காமல் இருந்தது. அதையும் விற்றாகிவிட்டது, நல்ல விலைக்கு.

"அண்ணாச்சி, ஒரே காரை இந்த ஊர்ல மட்டும் மூணு பேர் வித்திருக்காவ," என்று சுகிர்தா வெளியே வந்து சொன்னாள். "ஆனா ஒரு படத்துலயும் ஒடுக்கு இல்ல. மூணு பேரும் இடது பக்கப் பின் கதவு மேலயே சாஞ்சிருக்காவ. அங்கனயேதான். ஆள் மாத்தி ஆள் ஒட்டி வச்ச மாதிரி."

"மூணு பேருக்கும் ஒரே இடத்துல முதுகு வலிச்சிருக்காது," என்றார் சிவசங்கரன். குடையை மடக்கிக்கொண்டு பூத்துக்குள் போனார்.

ஷேக் மைதீன் முதலில் முறைத்தான். பிறகு கண்ணாடிக் கதவைச் சாத்தினான். அதற்கப்புறம் வெளியே பார்த்துக்கொண்டு பேசினான்.

"கடைக்காரனேதான் வே படம் பிடிச்சுக் குடுப்பான். நம்ம கேமராவ வாங்கி, 'இந்தக் கதவுல சாஞ்சுக்கோ, எடுப்பா இருக்கும்'பான். தங்கமான மனுசன்னு நெனச்சேன். வண்டிய விடப் போனா அதே கதவுல ஒடுக்கு. நான் சாஞ்சதுலதான் விழுந்துருச்சோன்னு எனக்கே சந்தேகம் வந்துட்டு. ஆயிரத்தைந்நூறு குடுத்துட்டு வந்தேன்."

"ஒடுக்கு மேலேயே ஆளை நிறுத்திப் படம் பிடிச்சிருக்கான்," என்றாள் சுகிர்தா. "படத்துல சாட்சி இருக்கப்படாது பாருங்க."

"அந்த ஒடுக்க அவன் ஒரு நாளும் தட்டி எடுக்கலியே," என்றார் சிவசங்கரன். "அது வேலைக்குப் போற ஒடுக்கு. சம்பாதிக்கிற பிள்ளைய யாரும் வீட்டை விட்டு அனுப்ப மாட்டான். தம்பி, நீ சொன்னத ரெண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போடு. ஆதில் ஊர் வந்து சேந்துருவான்."

ஷேக் மைதீன் அவரை, தன் கிட்னியைக் கேட்டது போலப் பார்த்தான். "வாடகைக் காருன்னு நானே எழுதித் தரவா? எம் பொண்டாட்டி வீட்ல எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சோறு திங்க? டெய்லரும் போட மாட்டான். போய்ப் பாரும்."

டெய்லர் அளவெடுக்கும் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு பின்வாசல் வழியாகப் போய்விட்டிருந்தார். பாத்திமாவின் மகன் குவைத்தில் இருந்தான்.

மணி ஒன்றரை. வியாழன் நெருங்கிக்கொண்டே வந்தது. சுகிர்தா வண்டியை மிதித்தாள். மிதித்தவள் அப்படியே நிறுத்தினாள்.

"அண்ணாச்சி. ஒருத்தர் மட்டும் கதவுல சாயல."

"யாரு?"

"நம்மளக் கூப்பிட்டவரு. பானெட்டுல கைய ஊனியிருந்தாரு. கதவு பூரா தெரிஞ்சுது."

அவர்கள் திரும்பிப் போனபோது பாரூக் சாப்பிட உட்கார்ந்திருந்தான். சுகிர்தா அவனிடம் பேசவில்லை. நேரே டி.வி.யிடம் போனாள். டி.வி. மேல் விரித்திருந்த நீலத் துணி வெயிலில் வெளுத்திருந்தது. வெளுக்காத வட்டம் ஒன்று வலது ஓரத்தில் புத்தம் புதிதாக இருந்தது. பூச்சாடியோ நடுவில் இருந்தது.

"இந்தச் சாடி மூணு வருசமா ஓரத்துல இருந்திருக்கு. இன்னிக்குக் காலையிலதான் நடுவுக்கு நடந்து வந்திருக்கு," என்று சொல்லி, அதைத் தன் பழைய வட்டத்தில் வைத்தாள். ரோஜாக்கள் விலகின. படத்தில் 51786 பளிச்சென்று சிரித்தது.

பாரூக் சோற்றில் கையை வைத்தபடியே இருந்தான்.

"நாலாவதா வித்தவரு நீங்கதானா," என்றாள் சுகிர்தா. "ஒங்க மானம் போவாம, அடுத்த வீட்டு மானத்த வச்சு வேலைய முடிக்கப் பாத்திருக்கீங்க."

"என் மாமனார் தறிக்காரர் பிள்ள," என்றான் பாரூக், மெதுவாக. "சாரம், லுங்கி எதுல ஒரு இழை விட்டிருந்தாலும் பத்தடி தள்ளி நின்னு சொல்லிருவாரு. அவர்ட்ட எங்காருன்னு சொல்லிட்டேன். அப்புறம் எப்படி இல்லங்கது? நானும் ஆயிரத்தைந்நூறு அழுதேன். யாருட்டயும் மூச்சு விடல."

"சரி, விடு. இப்ப ஆதிலைப் பாப்போம்," என்று சிவசங்கரன் சட்டத்தைக் கையில் எடுத்தார். எடுத்தவர் முகம் சுருங்கியது. "இதுல ஒடுக்கையே காணும். கதவு வெண்ணெய் மாதிரி இருக்கு."

உண்மைதான். மூன்று வருஷத்துக்கு முந்தைய படத்தில் கதவு வழவழவென்றிருந்தால், ஒடுக்கு பிற்பாடு விழுந்தது என்றாகிவிடும். கடைக்காரன் கையில் கொடுத்தால் அவனே சட்டம் போட்டு மாட்டிக்கொள்வான். ஆதில் சார்ஜாவிலேயே ஞாயிற்றுக்கிழமையைக் கழிக்க வேண்டியதுதான்.

"ரூம்காரன் எடுத்து நான் தபால்ல அனுப்புன படத்துல ஒடுக்கு இருந்துச்சு," என்று பாரூக் சொன்னான். "ஊருக்கு வந்து பாத்தா இல்ல. அல்லா என் மானத்த மறைச்சுட்டான்னு நெனச்சு, நான் யாருட்டயும் கேக்கல."

சுகிர்தா சட்டத்தை வாங்கி ஜன்னல் பக்கம் திருப்பினாள். முன் கதவில் ஒரு விளக்குக் கம்பம் பிரதிபலித்தது. பின் கதவில் ஒன்றும் இல்லை. காலையிலிருந்து அவள் மனசில் உறுத்திக்கொண்டிருந்தது என்ன என்று அப்போதுதான் தெரிந்தது. சிரிப்பை அடக்க அவள் உதட்டைக் கடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

"அண்ணாச்சி, பின் கதவுக்குக் கைப்பிடி எங்க?"

சிவசங்கரன் பார்த்தார். பாரூக் பார்த்தான். மூன்று வருஷமாக அந்த ஹாலில் மாட்டியிருந்த காரில், பின்னால் ஏற நினைத்த எவனும் வெளியே நிற்க வேண்டியதுதான். கதவில் கைப்பிடியே இல்லை.

"பெயிண்ட்," என்றார் சிவசங்கரன். "தூரிகை பட்ட வேலை. ஒடுக்கை அழிச்ச வேகத்துல கைப்பிடியும் போயிருக்கு. யாரு செஞ்சது?"

திரைச்சீலை விலகியது. ஆசியா உம்மாள் மீன் குழம்புச் சட்டியோடு வந்து, அதைக் கணவன் முன்னால் வைத்துவிட்டு, முக்காட்டைச் சரி செய்துகொண்டாள்.

"அல்லா மறைச்சது சரிதான் மச்சான். வேலையச் செஞ்சது ஜங்ஷன் ஸ்டுடியோக்காரரு. படத்தப் பெருசாக்கி அழிக்க நாப்பது ரூவா வாங்குனாரு."

பாரூக்குக்கு வாய் திறந்துகொண்டது.

"ஒடுக்க மட்டுமா? பின் கதவுக் கண்ணாடியில கடைப் பேரு ஒட்டியிருந்துச்சு, போன் நம்பரோட. எங்க வாப்பா கண்ணு பொல்லாதுன்னு ரெண்டையும் அழிக்கச் சொன்னேன். கைப்பிடிய அவரு சும்மாவே அழிச்சுக் குடுத்துட்டாரு."

"அப்ப ஒனக்கு… எப்பத் தெரியும்?"

"படம் வந்த அன்னிக்கே. நீங்களா ஒரு நாளு சொல்லுவீங்கன்னு பாத்தேன். ஒவ்வொரு பெருநாளைக்கும் பாத்தேன். நீங்க காரை வித்த விலைதான் வருசா வருசம் ஏறிட்டே போச்சு."

சுகிர்தா மீன் குழம்பைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிவசங்கரன் குடையின் கம்பிகளை எண்ணினார்.

"பழைய படம் என்னாச்சும்மா?" என்று கடைசியில் அவர்தான் கேட்டார்.

ஆசியா உம்மாள் சட்டத்தைக் கவிழ்த்து, பின் அட்டையின் ஆணிகளை நகத்தால் நெம்பினாள். பெரிய படத்துக்குப் பின்னால் சின்னப் படம் இருந்தது. வந்தது வந்தபடி, அழிக்காமல். இடது பக்கப் பின் கதவில் பிரியாணி தட்டு. கண்ணாடியில் கடைப் பெயர். மூலையில் கேமராவே பதித்த தேதி, ஆரஞ்சு நிறத்தில்: 93 8 12.

"மூணு வருசமா ஒங்க முதுகுக்குப் பின்னாலதான் இருந்துச்சு," என்றாள் அவள்.

படம் கிடைத்துவிட்டது. ஆனால் ஃபேக்ஸில் படம் கருத்துப்போகும், கூட ஒரு கடிதம் வேண்டும், அதில் 'நான் இந்தக் காரை வாடகைக்கு எடுத்தேன்' என்ற வரி வேண்டும். ஃபேக்ஸ் மெஷின் ஊரில் ஒன்றுதான். அது ஷேக் மைதீன் பூத்தில், எட்டுப் பேர் வரிசையில் நிற்கும் இடத்தில் இருந்தது. அங்கே நுழைந்த செய்தி சார்ஜாவுக்குப் போகும் முன் பஜார் முழுக்கப் போய்விடும்.

பாரூக் கையைக் கழுவினான். சட்டையை மாட்டினான். வாசல்வரை போய்த் திரும்பி மனைவியைப் பார்த்தான். அவள் பேனாவை எடுத்து நீட்டினாள்.

கடிதத்தைச் சிவசங்கரன் சொல்லச் சொல்லச் சுகிர்தா எழுதினாள். நாலே வரி. கீழே அவர் ஐந்தாவதாக ஒன்று சேர்க்கச் சொன்னார்: 'நகல்: தங்கள் இன்சூரன்ஸ் கம்பெனி மேனேஜருக்கு.'

"அவன் யாருன்னே நமக்குத் தெரியாதே அண்ணாச்சி."

"தெரிய வேண்டாம். இருபத்தெட்டு வருசம் பாத்துட்டேன். லெட்டருக்கு எவனும் பயந்ததே இல்ல. அடியில இருக்க நகலுக்குத்தான் பயப்படுதான். ஒரே ஒடுக்க வச்சு எத்தனை பேர்ட்ட வாங்கியிருக்கான்னு இன்சூரன்ஸ்காரனுக்குத் தெரிஞ்சா, அவனுக்கு விழுற ஒடுக்கு வேற."

பூத்தில் பாரூக் கடிதத்தை நீட்டினான். ஷேக் மைதீன் வாங்கி, மெஷினில் போடுவதற்கு முன் வாசித்தான். அதுதான் அவன் பழக்கம். ஒரு தடவை வாசித்தான். இன்னொரு தடவை வாசித்தான். வரிசையில் நின்றவர்களைப் பார்த்தான். பாரூக்கைப் பார்த்தான்.

"என்னலே, நீயே எழுதிட்டியா?"

"எழுதிட்டேன்."

"ஆசியாவுக்கு?"

"அவதான் பேனா குடுத்தா."

ஷேக் மைதீன் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தான். யோசித்து, அதைத் திரும்பச் செருகிவிட்டு, கல்லாவிலிருந்து பேனாவை எடுத்தான். பாரூக்கின் பெயருக்குக் கீழே தன் பெயரை எழுதினான். 'நானும். 1994.' கால் மணி நேரத்தில் டெய்லர் டேப்போடு வந்து மூன்றாவதாகப் போட்டார். யார் சொல்லி வந்தார் என்று தெரியாது. நாலாவதாக மைதீன் பாத்திமா வந்தாள். மகன் சார்பாகக் கைநாட்டு வைத்தாள். "விக்கல, வாடகைதான்னு போடு. நம்பர் நல்ல நம்பர்ங்கதையும் சேத்துப் போடு," என்றாள்.

புதன்கிழமை மத்தியானம் ஆதில் பூத்துக்குப் போன் பண்ணினான். பாஸ்போர்ட் கைக்கு வந்துவிட்டது. கடைக்காரன் டீ வாங்கிக் கொடுத்தானாம். அந்தக் கார் பட்டறைக்குப் போய்விட்டதாம்.

ஞாயிற்றுக்கிழமை நிக்காஹ் முடிந்து சாப்பாட்டுக்குச் சிவசங்கரனும் சுகிர்தாவும் போனார்கள். பாரூக் வீட்டு டி.வி. மேல் பெரிய சட்டத்துக்குள் அந்தச் சின்னப் படம், ஒடுக்கோடும் கடைப் பெயரோடும் இருந்தது. ஆசியா உம்மாள்தான் மாற்றியிருந்தாள்.

அதன் முன்னால் பாரூக்கின் மாமனார் நின்றுகொண்டிருந்தார். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, தறியில் இழை பார்ப்பதைப் போல இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை பார்த்தார். பின் கதவுக்கு வந்ததும் நின்றார். பிரியாணி சஹன் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்த பாரூக், கதவோரத்தில் அப்படியே நின்றுவிட்டான். சுகிர்தாவின் கடிகாரமும் நின்றது.

"படத்த மாத்திட்டீங்களா மாப்பிள," என்றார் அவர், திரும்பாமலே. "நல்லதாப் போச்சு. கைப்பிடி இல்லாத வண்டியில எம் மவ எப்படி ஏறி எறங்குவாளோன்னு மூணு வருசமா ஒரே கவலை."